ஒரு வரி நன்றி

1

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது. நிதானமான கதை வேண்டுபவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

போன மாதம் தஞ்சாவூரில் என் தங்கை வேம்புக்குப் பாராட்டு விழா. விலங்கியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். குளத்து நீரில் வாழும் ஹைட்ரா என்ற சின்னஞ்சிறு உயிரை வெட்டினால் அது எப்படி மறுபடி முழு உடம்பாக வளர்கிறது என்பதை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவள். மேடையில் ஒருவர் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டைத் திறந்து, நன்றியுரையிலிருந்து ஒரு வரியைத் தமிழ்ப்படுத்திப் படித்தார்: 'என்னைப் படிக்கவைத்து ஆளாக்கிய எங்கள் ஊர்ப் பண்ணையார் அவர்களுக்கு.' மண்டபம் கைதட்டியது. பண்ணையாரின் பேரன் முன்வரிசையில் எழுந்து நின்று கும்பிட்டார். நானும் எழுந்தேன், வெளியே போவதற்கு.

அந்த வரி பொய். எங்கள் அப்பா ஐயாவுவின் பெயர் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. ஏட்டில் ஏறிய பொய்யை அச்சில்தான் அடிக்க வேண்டும். ஆகவே எழுதுகிறேன். (பண்ணையாரின் பெயரை நான் எழுத மாட்டேன். அது ஓர் இடத்தில் இருப்பதே அதிகம்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: 'பேராவூரணிக்குப் பக்கத்தில், பச்சைப்பசேல் என்று விரிந்த வயல்களுக்கு நடுவே ஓர்'

வேண்டாம். எங்கள் ஊர் கடைமடை. வாய்க்காலில் தண்ணீர் வந்த வருஷங்களைவிட வராத வருஷங்கள் அதிகம். பச்சையாவது ஒன்றாவது.

இரண்டாம் முயற்சி: 'சிறு வயதிலேயே வேம்பின் கண்களில் ஓர் ஒளி'

அடித்துவிட்டேன். அவள் கண்ணில் இருந்தது தூக்கம். விடிவதற்கு முன் எழுந்து சாணி அள்ளிவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள்.

மூன்றாவது நிற்கும் என்று நினைக்கிறேன்:

வேம்பு பள்ளியிறுதித் தேர்வு முடித்த வருஷம் ஆட்சி மாறியிருந்தது. களத்தில் எதுவும் மாறவில்லை. நடவுக்கு ஆள் போதவில்லை, உன் பெண்ணை அனுப்பு என்று பண்ணையார் ஐயாவுவிடம் சொன்னார். வைக்கோல் போருக்குப் பின்னால் வேம்பு நின்றிருந்தாள். அங்கிருந்து அப்பாவின் பின்னங்கழுத்து மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

“அவ வரமாட்டா ஆண்டே. விடுதியில சேந்து மேல படிக்கப் போறா.”

“ஏண்டா, கலெக்டராகி எனக்கே வரி போடப் போறாளா?”

களத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவு, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

“அது அவ இஷ்டம் ஆண்டே.”

அந்தக் கழுத்து குனியவில்லை என்பதை வேம்பு பார்த்தாள். அந்தப் போகம் முழுக்க எங்கள் வீட்டுக்கு வேலை இல்லை. எங்களுக்கு வேலை தரக்கூடாது என்று பக்கத்துப் பண்ணைகளுக்கும் பண்ணையார் சொல்லியனுப்பியிருந்தார். அம்மா ராமாயி வயலில் நத்தை பொறுக்கி வந்து எங்களுக்குச் சோறு காட்டினாள். வேம்பு அரசாங்க விடுதியில் தங்கி, அரசாங்கம் போட்ட சோற்றைத் தின்று படித்தாள். பண்ணையார் ஆளாக்கிய லட்சணம் இதுதான்.

3

இதுவரை எழுதியதை வேம்பிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“இது கதையாண்ணே, பிராதா?”

“ரெண்டும்தான்.”

“பண்ணையார் வர்றாரு, அப்பா வர்றாரு, நத்தைகூட வருது. ஹைட்ரா எங்க? நான் ஆயுசு பூரா குனிஞ்சு பாத்தது அதைத்தான். அவரை இல்ல.”

ஆகவே ஹைட்ரா. (அவள் சொல்லச் சொல்ல எழுதியது. பிழை இருந்தால் என்னுடையது.)

நகத்தைவிடச் சிறியது. நூல்போல உடம்பு, வாயைச் சுற்றி மயிர்போலச் சில கைகள். குளத்துப் பாசியில் ஒட்டிக்கொண்டு தொங்கும். மூன்றாக வெட்டினால் மூன்று ஹைட்ராவாகும். வேம்பைப் பிடித்துக்கொண்டது நடுத்துண்டு. அதற்குத் தலையும் இல்லை, அடியும் இல்லை. ஆனாலும் முன்பு தலை இருந்த பக்கத்தில்தான் தலை முளைக்கும். புரட்டிப் போட்டாலும் மாறாது. துண்டுக்கு எப்படித் தெரிகிறது? மற்றவர்கள் பரீட்சையில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன கேள்வியில் அவள் நின்றுவிட்டாள்.

ஒன்றின் தலைக்குக் கீழிருந்து துணுக்கு எடுத்து இன்னொன்றின் இடுப்பில் ஒட்டுவாள். ஒட்டிக்கொள்ளும்வரை இரண்டையும் தன் தலைமுடி ஒன்றில் கோத்து வைத்து, பிறகு முடியை உருவிவிடுவாள். அந்த இன்னொன்றுக்குச் சொந்தத் தலை இருந்தால், ஒட்டிய துணுக்கு பெரும்பாலும் அடங்கி உடம்போடு கரைந்துவிடும். தலையை நீக்கிவிட்டு ஒட்டினால், அங்கே புதுத் தலை கிளம்பும். ஆக, இருக்கிற தலை வேறு தலை வராமல் அமுக்கி வைக்கிறது. அந்த அமுக்கம் தலைக்குப் பக்கத்தில் அதிகம். கீழே போகப் போகக் குறைவு.

“வாய்க்கால் மாதிரிதான் சார். தலைமடையில வேகம், கடைமடையில கசிவு,” என்று தன் வழிகாட்டி பேராசிரியர் தியாகேசனிடம் சொன்னாள்.

“சேத்தை வாசல்லயே கழுவிட்டு உள்ள வாம்மா,” என்றார் அவர்.

(என் பக்கக் குறிப்பு: நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது பண்ணையார் காரியக்காரர் பெயரிலும் சமையல்காரர் பெயரிலும் நிலத்தை எழுதிவைத்தார். வேட்டியின் கரையை ஆளுங்கட்சி நிறத்துக்கு மாற்றிக்கொண்டார். பண்ணை முறையின் தலையை வெட்டிவிட்டோம் என்று ஆளுங்கட்சிக்காரர்கள் மேடைகளில் முழங்கினார்கள். எந்தப் பக்கம் முளைக்கும் என்று வேம்பைக் கேட்டிருக்கலாம். இந்தக் குறிப்பை எடுத்துவிடச் சொல்கிறாள்: “ஹைட்ரா பினாமி பேர்ல எதையும் எழுதாது. அதை ஏன் இதுல இழுக்கற?” நான் எடுக்கவில்லை.)

4

தியாகேசன் பண்ணையாருக்குச் சம்பந்தி வழியில் உறவு. ஆய்வேடு தட்டச்சுக்குப் போகும் நாளில் அவளைக் கூப்பிட்டார். நன்றியுரையில் பண்ணையார் இருந்தால் கையெழுத்து உண்டு. இல்லையென்றால் இன்னும் சில சோதனைகள் செய்துபார்ப்பது நல்லது என்றார். அப்போது எங்கள் தெருவின் மனைகள் எங்களுக்கே சொந்தம் என்பதை எதிர்த்துப் பண்ணையார் வழக்காடிக்கொண்டிருந்தார். குடிகளை வளர்த்த வள்ளல் என்ற பெயர் அவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது.

முடிவு, முதல் வகை: 'வேம்பு தாள்கட்டை மேசைமேல் வைத்தாள். “என்னை ஆளாக்கினவரு பேரு ஐயாவு. உங்க கையெழுத்து இல்லாட்டி”'

நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. படித்துக் காட்டினேன்.

“நான் அப்படிச் சொல்லலியே.”

“சொல்லியிருக்கணும்.”

“ஒரு வரிதான சார், போட்டுடறேன்னேன். ஒட்டுப்போட்ட ஹைட்ரா எல்லாம் என் தலைமுடியில கோத்துக் கெடந்துது. நேரத்துல முடியை உருவலன்னா அத்தனையும் வீணு.”

அப்பாவின் மானம் ஒரு மயிருக்குச் சமமா என்று கேட்டேன். என் குரல் உயர்ந்தது. அவள் குரல் உயரவில்லை.

“அப்பாகிட்ட அந்த வாரமே போய்ச் சொன்னேன். வேலை நின்னுபோச்சான்னு கேட்டாரு. இல்லப்பான்னேன். சரி போன்னாரு.”

“அப்பா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு.”

“நீ அப்ப கோர்ட்டு வாசல்ல நின்ன. கோபத்த நீ வச்சுக்கண்ணே. எனக்கு வேலை இருந்துச்சு.”

5

இரண்டாம் வகை முடிவில் அப்பா 'சரி போ' என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு சொல்லை என்னால் எழுத முடியவில்லை. களத்தில் நின்ற மனிதரின் வாயில் அதை வைக்க என் கை வரவில்லை. முதல் வகையை எழுதவோ வேம்பு விடமாட்டேன் என்கிறாள். என் வாழ்க்கையைத் தன் வசதிக்கு மாற்றி எழுதப் பண்ணையார் ஒருவர் போதும், நீயும் வேண்டாம் என்கிறாள். என்னையும் அவரையும் ஒரே வாக்கியத்தில் வைத்துவிட்டாள். அதற்காக அவளை மன்னிக்க இன்னும் எனக்கு மனம் இல்லை.

எனவே கடைசிக் காட்சியை மட்டும் எழுதிவிட்டு எழுந்துகொள்கிறேன்.

தட்டச்சுக் கடை. நெய்னா முகம்மது நன்றியுரைக்கான தாளை இயந்திரத்தில் சொருகி நேராக்குகிறார். எதிரே வேம்பு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். ஹைட்ரா வைத்த அவளுடைய கண்ணாடிக் கிண்ணங்கள் கல்லூரியில் காத்திருக்கின்றன. தெரு முழுவதின் மனையும் வழக்கில் இருக்கிறது. ஊரில் ஒரு மனிதர் இதைப் பற்றி எதுவும் தெரியாமல் வரப்பு வெட்டிக்கொண்டிருக்கிறார்.

“யாருக்கும்மா நன்றி? மெதுவாச் சொல்லுங்க, கார்பன் வச்சு நாலு படி சேத்து அடிக்கறேன். தப்பு விழுந்தா அழிக்க வராது.”

கைதட்டிய மண்டபத்தில் நீங்களும் இருந்திருக்கக்கூடும், வாசகரே. வேம்பு எழுந்து உங்களுக்கு இடம் விடுகிறாள். உட்காருங்கள். நெய்னா முகம்மது உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.