இருபத்துமூன்றாம் இலக்க உசாத்துணை

1963 ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஒரு வைத்தியக் கட்டுரையின் கடைசியில் வரும் உசாத்துணைப் பட்டியலின் முதலாம் இலக்கத்தார் அன்புவழிபுரத்தில் மக்டலினின் வீட்டு விறாந்தைக்கு வந்து கதிரையில் இருந்தார். அவர் செத்துத் தொண்ணூறு வருடமான ஓர் ஒல்லாந்துக் கப்பல் வைத்தியர். மக்டலின் அப்போதுதான் அவருடைய பெயர், கட்டுரைத் தலைப்பு, ஆண்டு, எத்தனையாம் பக்கத்திலிருந்து எத்தனையாம் பக்கம் வரை என்பதையெல்லாம் சீமைச் சஞ்சிகைக்காரர் கேட்ட ஒழுங்கில் ரைப்ரைட்டரில் அடித்து முற்றுப்புள்ளி வைத்திருந்தாள். தேத்தண்ணி குடிப்பீர்களோ என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். இரண்டாம் இலக்கத்தார், ஒரு யப்பானியர், பதினொன்றே முக்காலுக்கு வந்தார். நம்பாதவர்கள் லிங்கநகர் பேக்கரியில் விசாரிக்கலாம். அந்த மாதம் அந்த வீட்டுக்கு எத்தனை றாத்தல் பாண் போனது என்று அவர்களுக்கு நல்ல ஞாபகம்.

மக்டலின் துறைமுகத்தடியில் இருந்த ஒரு சிறிய மிஷன் வைத்தியசாலையில் தட்டெழுத்தாளர். வயது முப்பத்தெட்டு, கலியாணம் கட்டவில்லை, வாய் கொஞ்சம் நீளம். அவளுக்கென்று இருந்தவன் ஒரு தம்பி, இக்னேசியஸ், துறைமுக லாஞ்சியில் வேலை செய்தவன். 1958 இல் அவன் திரியாயில் ஒரு கூட்டாளி வீட்டில் ஊதிப் பெருக்கும் பேத்தை மீனின் நஞ்சுள்ள சினையைப் பொரித்துச் சாப்பிட்டான். ஒரு மணித்தியாலத்தில் உதடு விறைத்தது, பிறகு கை கால், பிறகு எல்லாம் நின்றுவிட்டது. வைத்தியசாலையின் றொபேட் டொக்டர் மூக்கடியில் கண்ணாடி பிடித்துப் பார்த்து, முடிந்தது என்றார். அடுத்த நாள் காலை சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள். நாலு வருடம் அது வெறும் துக்கமாகத்தான் இருந்தது.

1962 இல் கிண்ணியா ஸெய்னுதீன் அதே மீனைத் தின்று அதே மாதிரிக் கிடந்தார். குளிப்பாட்டத் தூக்க வந்தவர்களை அவர் மனைவி பல்கீஸ் கிட்ட விடவில்லை. "கண்ணோரத்தில தண்ணி வருது. மையித்து அழாது" என்று சொல்லிக் குறுக்கே இருந்துவிட்டாள். மூன்றாம் நாள் ஸெய்னுதீன் எழும்பினார். எழும்பியவர் சும்மா இருந்தாரா? அந்த மூன்று நாளும் வீட்டில் யார் யார் என்ன கதைத்தார்கள் என்று ஆள் ஆளாகச் சொன்னார். அவருடைய வலையைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்ட மச்சான் மூதூருக்குக் குடிபோக வேண்டியதாயிற்று.

றொபேட் டொக்டர் ஒரு கிழமை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பிறகு கட்டுரை எழுதத் தொடங்கினார். அதில் முக்கியமான வசனம் ஒன்றுதான்: அசைவற்றுக் கிடப்பவர் உயிரோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும், ஆகவே மூன்று நாள் கையால் மூச்சுக் கொடுக்க வேண்டும், புதைக்கக் கூடாது. அதை முதன்முறை அடித்தபோது மக்டலினின் விரல்கள் நின்றன. டொக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பி செத்த பிறகுதானே புதைத்தோம் என்று அன்றிலிருந்து அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

சஞ்சிகைக்காரர் அதற்கு முன்பே கட்டுரையை இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள், பட்டியல் முறைப்படி இல்லையாம். குடும்பப் பெயரை முழுதாக எழுதி, சொந்தப் பெயரை ஒரு எழுத்தாகச் சுருக்க வேண்டுமாம். நம்முடைய ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவரை அந்த விதிப்படி, தகப்பன் பெயரை முழுதாக வைத்து அடித்தாள். ஒன்பதாம் கதிரையில் வந்து இருந்தவர் டொக்டரின் தகப்பன், புகையிலை வியாபாரி. வைத்தியத்தில் அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. அழித்து மகனின் பெயரை முழுதாக அடித்த பிறகுதான் அவர் எழும்பிப் போனார், மகன் வந்தார். றொபேட் டொக்டர் நாலாம் இடத்தில் புதிதாக ஒருவரைச் செருகிய அன்று பதினெட்டுப் பேர் முணுமுணுத்துக்கொண்டு ஒரு கதிரை தள்ளி இருந்தார்கள். கதிரைகள் கோவில் மண்டபத்தில் இரவல் வாங்கியவை. ஒரேயொரு இலக்கத்துக்கு மூன்று நாளாகியும் ஆள் வரவில்லை. "ஞாபகத்தில எழுதினனான். அப்பிடி ஒண்டு இல்லைப் போல" என்றார் டொக்டர். அதை வெட்டினார்கள். இல்லாததுக்கு ஆள் வராது என்று மக்டலின் அன்று தெரிந்துகொண்டாள்.

கார்த்திகையில் மூன்றாம் கடிதம் வந்தது. பட்டியல் சரி, ஆனால் அந்த ஒரு வசனத்துக்கு ஸெய்னுதீனைத் தவிர வேறு சான்று இல்லை. இன்னொன்று தர வேண்டும், இல்லையென்றால் வசனத்தை எடுக்க வேண்டும்.

"எடுத்துப்போடுங்கோ, மக்டலின். மிச்சமாவது அச்சில வரட்டும்" என்றார் டொக்டர்.

"அப்ப இன்னும் புதைச்சுக்கொண்டுதான் இருப்பினம், டொக்டர்."

"எனக்கு வேற வழி தெரியேல்ல" என்றார். அந்த மனிதரும் பாவம், உடைந்துபோயிருந்தார்.

மக்டலின் மத்தியானமே வீட்டுக்கு வந்து ரைப்ரைட்டருக்கு முன்னால் இருந்தாள். தம்பியையே சான்றாக வைத்து விதிப்படி அடித்தால் அவர்களுடைய தகப்பன் சவிரிமுத்துதான் வருவார். அவர் வருவது பெரிய காரியமில்லை, முதுமையில் கட்டிலில் செத்தவர். அந்தச் சாட்டில் தப்பிக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தாள். பிறகு விதியை மீறி, இக்னேசியஸ் என்று முழுதாக அடித்தாள். தலைப்பு: கேட்டவை. இடம்: அன்புவழிபுரம். ஆண்டு: 1958. பக்க எண்களுக்கு இடம் விட்டாள். முற்றுப்புள்ளி வைக்க விரல் எழவில்லை. ஒருத்தரும் வராவிட்டால் தம்பி புதைக்க முதலே நல்லபடியாகச் செத்தவன், ஆனால் வசனம் போய்விடும், நாளைக்கு மூதூரிலோ கிண்ணியாவிலோ யாரோ ஒருவரை உயிரோடு மண்ணுக்குள் இறக்குவார்கள். வந்துவிட்டால்? எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி அவளுக்குத்தான். மாதாவே, வரக் கூடாது, அவன் வரவே கூடாது என்று வாய்விட்டு அழுது மன்றாடினாள். இருபத்திரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க முற்றுப்புள்ளியை வைத்தாள்.

நாலு மணிக்கு இக்னேசியஸ் படலையைத் திறந்துகொண்டு வந்தான். பெட்டிக்குள் உடுத்திவிட்ட வெள்ளைச் சேட்டு, தலைமயிரில் மணல். நேரே போய் இருபத்துமூன்றாம் கதிரையில் இருந்தான். மக்டலினின் நெஞ்சுக்குள் இருந்த கடைசி நம்பிக்கையும் செத்துப்போனது அப்போதுதான். கடதாசியைத் திரும்பிப் பார்த்தபோது, பக்க எண்கள் இல்லாமல் அனுப்பினால் மறுபடி திருப்புவார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

"எதில இருந்து கேட்டனீ, தம்பி?"

"நீங்கள் என்ர நாடியைத் துணியால கட்டினதில இருந்து, அக்கா."

"எதுவரைக்கும்?"

"கோவில் மணி கேட்டது. ஃபாதர் செபம் சொன்னது கேட்டது. மண் விழேக்க கேட்டது. பிறகு சனம் போன சத்தம். நீங்கள் போகேல்ல, அழுதுகொண்டு நிண்டீங்கள். பிறகு நீங்களும் போனீங்கள். அதுவரைக்கும்தான்."

மக்டலின் அதையே அடித்தாள்: நாடி கட்டியதிலிருந்து, அக்கா போனது வரை.

கட்டுரை 1964 இல் அந்த வசனத்தோடு அச்சானது. சஞ்சிகைக்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சஞ்சிகை தபாலில் வந்த அன்று இருபத்திரண்டு பேரும் எழும்பி, சொல்லிக்கொண்டு, கொழும்பு பஸ்ஸில் ஏறினார்கள். கதிரைகள் மண்டபத்துக்குத் திரும்பிப் போயின, ஒன்றைத் தவிர. அடுத்த பத்து வருடத்தில் அந்த வைத்தியசாலையில் பேத்தை மீன் தின்று கிடந்தவர்களில் ஆறு பேர் எழும்பி நடந்துபோனார்கள். அவர்கள் கிடந்த கட்டிலடியில் இக்னேசியஸ் போயிருந்து, இன்றைக்கு என்ன கிழமை, மழை பெய்கிறதா, யார் வந்து பார்த்துவிட்டுப் போனது என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான். மற்ற நாட்களில் வீட்டில்தான் இருந்தான். மக்டலின் சந்தைக்குப் போனாலும், பூசைக்குப் போனாலும், கிணற்றடிக்குப் போனாலும்கூட, எங்கே போகிறாள், எப்போது திரும்பி வருவாள் என்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் போவாள்.