அடுப்பை விட்டு இறங்காத அண்டா

சைக்கிள் கடை ஜின்பாச்சியின் அண்டாவை அடுப்புக் கல்லிலிருந்து இறக்க முடியாமல் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, மாமிகசாகி ஆற்றங்கரையில் பத்துப் பாய் விரிக்கிற அளவு இடத்துக்கு மட்டும் குளிர்காலம் வருவது நின்றுவிட்டது. அது அக்டோபர் மாதம். அந்த வருஷம் வெங்காயத்தாள் விலை ஏறியிருந்தது, சேப்பங்கிழங்கு நன்றாக விளைந்திருந்தது. யாமகாத்தா நகரத்தில் அந்த மாதம் ஞாயிறன்று வீட்டில் கிடப்பவன் ஒன்று நோயாளியாக இருப்பான், இல்லாவிட்டால் கடன்காரனுக்குப் பயந்தவனாக இருப்பான். மற்றவர்கள் எல்லாம் ஆற்றில்தான். தெருவுக்கு ஒரு அண்டா, பள்ளிக்கூடத்து வகுப்புக்கு ஒரு அண்டா, ஆபீசுக்கு ஒரு அண்டா. விடியுமுன்பே ஒருவன் போய்ப் பாய் விரித்து இடம் பிடிப்பான். ஆற்றுக் கல்லை அடுக்கி அடுப்புக் கூட்டி, சேப்பங்கிழங்கும் மாட்டிறைச்சியும் வெங்காயத்தாளும் போட்டு, சர்க்கரை சேர்த்து, சோயா சாஸும் சாக்கே என்கிற அரிசி மதுவும் ஊற்றிக் குழம்பு காய்ச்சுவார்கள். அதற்குப் பெயர் இமோனி. மதியத்துக்குள் கரை முழுக்கப் புகையும் சிரிப்புமாக இருக்கும்.

ஒவ்வொரு அண்டாவுக்கும் ஒரு நாட்டாமை உண்டு. கிழங்கு எப்போது, இறைச்சி எப்போது, யார் கிண்டலாம், யார் கிண்டக்கூடாது என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல்தான். வார்ப்படத் தெரு அண்டாவுக்கு ஜின்பாச்சிதான் நாட்டாமை. மனைவியை இழந்து, கடையை மகனிடம் விட்டுவிட்ட பிறகு அவருக்கு மிச்சம் இருந்த அதிகாரம் அது ஒன்றுதான், அதனால் அதை முழுசாகச் செலுத்தினார். ஷிகேரு என்ற அந்த மகன், பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன். அவன் கட்டிக்கொண்டு வந்தவள் கினுயோ. மலைக்கணவாய்க்கு அந்தப் பக்கம், ரயிலில் ஒரு தூக்கம் போடுகிற தூரத்தில் இருக்கிற செந்தாய் நகரத்துப் பெண். நல்ல பெண்தான். ஆனால் செந்தாய்க்காரர்கள் இமோனியில் பன்றி இறைச்சி போட்டு, மிசோ என்கிற புளித்த சோயா விழுதைக் கரைத்து விடுகிறவர்கள். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு ஊர்களும் எத்தனையோ தலைமுறையாக ஒன்றையொன்று மன்னித்ததில்லை.

கல்யாணப் பந்தியிலேயே அது வெடித்தது. கினுயோவின் தாய் ஹருயே, இரண்டாவது கோப்பை சாக்கே இறங்கியதும், "சம்பந்தி, உங்க ஊரு இமோனிங்கிறது சுகியாக்கிக் கறியில தண்ணி கூடிப்போன சமாச்சாரம்தானே? அதுக்கு ஏன் இவ்வளவு ஆட்டம்?" என்று கேட்டுவிட்டாள். ஜின்பாச்சி கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "உங்க ஊருல காய்ச்சறது பன்னிச் சாறும்மா. எங்க ஊருல அத ஆத்தங்கரைக்கு எடுத்துட்டுப் போறதில்ல. அடுப்படியிலயே குடிச்சிட்டுப் போயிருவோம்" என்றார். அதோடு சரி. அதன் பிறகு வருஷா வருஷம் இலை சிவக்கத் தொடங்கியதும் கினுயோ மாமனாரிடம், இந்த முறை அம்மாவையும் ஆற்றங்கரைக்குக் கூப்பிடட்டுமா என்று கேட்பாள். மாமனாரும் வருஷா வருஷம் ஒரே பதிலைச் சொல்வார். "எடம் பத்தாதும்மா." மாமிகசாகி ஆற்றங்கரையோ, ஒரு படையையே உட்கார வைத்துச் சோறு போடலாம், அவ்வளவு அகலம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து அண்டாக்காரர்கள் விறகை நகர்த்தி வைத்துவிட்டார்கள் என்று சண்டை பிடிக்கப் போன ஜின்பாச்சி, கரண்டியைக் கினுயோ கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவள் பையில் தாய் அனுப்பிய மிசோ டப்பா இருந்தது. கை தானாகப் போயிற்று என்று அவள் பிற்பாடு சொன்னாள். கை தானாக மூடியைத் திறந்து, தானாகக் கரைத்து, தானாக ஊற்றுமா என்று தெரு கேட்டது. எப்படியோ, ஜின்பாச்சி திரும்பி வந்தபோது குழம்பு நிறம் மாறியிருந்தது, வாசனை கணவாயைத் தாண்டிப் போயிருந்தது. யாமகாத்தாவின் மாட்டிறைச்சியில் செந்தாயின் மிசோ. அந்த ஊரும் இல்லை, இந்த ஊரும் இல்லை, ரெண்டுங்கெட்டான்.  கொட்டிவிடலாம் என்று ஜின்பாச்சி அண்டாவின் காதைப் பிடித்துத் தூக்கினார். அது அசையவில்லை.

நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள், அப்புறம் தெருவே தூக்கியது. மறுநாள் தீயணைப்புப் படை கயிறு கட்டி இழுத்தது. குவாரியிலிருந்து வந்த கிரேன், அண்டாவைத் தூக்கப் போய்த் தன் பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டது. தண்ணீர் ஊற்றினால் நெருப்பு தும்மல் போட்ட மாதிரி ஒரு முறை சீறிவிட்டு மறுபடி எரிந்தது. மொண்டு கொட்டினாலும் உள்ளே குழம்பு குறையவில்லை. மனம் வெறுத்துப்போய் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள், ஜின்பாச்சியைத் தவிர. அங்கே ஒரு வழக்கம் உண்டு. அடுப்புக்கு எடுத்த கல்லைத் திரும்ப ஆற்றில் போட்டுவிட்டுத்தான் நாட்டாமை கரையேற வேண்டும். அண்டா இறங்காமல் கல்லை எடுக்க முடியாது, கல்லை எடுக்காமல் அவர் கரையேற முடியாது. ஷிகேரு கூப்பிட்டுப் பார்த்தான். "கல்லு ஆத்தோடது. ராத்திரி ஆறு வந்து கேட்டா, நீ பதில் சொல்லுவியா?" என்று கேட்டுவிட்டு அவர் பாயில் படுத்துக்கொண்டார்.

நவம்பரில் ஊருக்குள் பனி விழுந்தபோதுதான் மற்ற விஷயம் தெரியவந்தது. அண்டாவைச் சுற்றிய பத்துப் பாய் இடத்தில் பனி விழவில்லை. அங்கே நின்ற மேப்பிள் மரம் சிவப்பை விடவில்லை. உதிர்ந்த இலைகள் கொஞ்ச நேரம் தரையில் கிடந்துவிட்டு, யாரும் பார்க்காதபோது கிளைக்குத் திரும்பின. ஜனவரி மாதம் சிவப்புத் தட்டான்கள் பறந்தன. நாணல் பூ பூத்தபடியே இருந்தது. ஒரு பேராசிரியர் வெப்பமானியோடு வந்து, வெளியே நீர் உறைகிறது, உள்ளே காற்று இளவெயிலாக இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொண்டு, கோட்டைக் கழற்றித் தோளில் போட்டபடி பேரிக்காய் ஒன்றைத் தின்றுவிட்டுப் போனார். ரேடியோவில் வானிலை சொல்கிறவர், "நகரில் கடும்பனி, ஆற்றங்கரையில் இலையுதிர்காலம்" என்று சேர்த்துச் சொல்லப் பழகினார்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பிறகு பொழுதைக் கழிக்கவே வந்தார்கள். முழங்கால் பனியில் நடந்து வந்து, எல்லையில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே பாய் விரிப்பார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சருகில் சுடுவார்கள். கஷ்கொட்டை போட்டுப் புதிய அரிசிச் சோறு பொங்குவார்கள், ஊதாச் சாமந்தி இதழை வினிகரில் வேகவைத்துத் தொட்டுக்கொள்வார்கள். மலைக்கோயில் படியேறிவிட்டு வருகிற கூட்டம் கால் நீட்டப் பெப்ரவரியில் இதைவிட நல்ல இடம் கிடையாது. டோஃபு கடை இகுகோ அங்கேயே ஒரு மேசை போட்டு விட்டாள். ஆனால் அந்த அண்டாவிலிருந்து மட்டும் ஒருவரும் ஒரு கரண்டி குடிக்கவில்லை. உள்ளூர்க்காரன் மிசோவைத் தொடமாட்டான். வெளியூர்க்காரன் யாராவது ஆசைப்பட்டுக் கிண்ணம் நீட்டினால், ஜின்பாச்சி கரண்டியை ஓங்குவார். "தப்பாச் செஞ்சத வெளியாளுக்கு ஊத்தி ஊர் மானத்த வாங்கச் சொல்றியா? போய்யா!"

கினுயோவும் தொடவில்லை. அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு நாளும் மாமனாருக்குச் சோறு கொண்டுபோகும்போது அந்த வாசனையில் அவளுக்குத் தாய்வீட்டு அடுப்படி கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். ஆனால் இமோனியை ஒருவர் தனியாக உட்கார்ந்து தின்பது என்பது இரண்டு ஊரிலும் கிடையாது. அது பிச்சைக்காரன்கூடச் செய்யாத காரியம். அதனால் பார்த்துவிட்டுத் திரும்புவாள். மாமனாருக்கு அவள் கொண்டுபோனது சோயா சாஸ் ஊற்றி, மாட்டிறைச்சி போட்டு, அவர் ஊர்ப்படி காய்ச்சிய குழம்பு. தினமும் காய்ச்சிக் காய்ச்சி அவள் கை அதில் அப்படித் தேர்ந்துவிட்டது, தெருவில் யாரும் அவளுக்கு இணையில்லை. கிண்ணம் காலியாகத் திரும்பும். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு சொல் வராது. ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கவே இல்லை. மூன்று குளிர்காலம் கொதித்தும் அந்த அண்டாவில் கிழங்கு கரையவில்லை, அடிப்பிடிக்கவில்லை. அணையாத நெருப்புக்கு அதுவும் ஒரு சித்தாக இருக்கும் என்று ஊர் விட்டுவிட்டது. சமைக்கிறவளான அவளுக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த மூன்றாவது குளிர்காலம் கழிந்த வசந்தத்தில் ஹருயே படுத்துவிட்டாள். எழுந்து நடமாடியபோது பாதி ஆளாகியிருந்தாள். ஊருக்கெல்லாம் இலை சிவந்த சமயம் தொலைபேசியில், "ஏண்டி, அந்தக் குளிராத கரையில ஒரு தடவ உக்காந்துட்டு வந்துடணும்னு இருக்கு. இன்னும் எத்தன இலைய நான் பாத்துடப் போறேன்?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். கினுயோ அன்று சாயந்திரமே ஆற்றுக்குப் போய் மாமனாரிடம் கேட்டாள். அவர் கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்துவிட்டு, "எடம் பத்தாது" என்றார்.

வீட்டுக்கு வந்து கினுயோ ஷிகேருவிடம் சொன்னாள். "நான் எங்கம்மாகூடப் போய் இருக்கப் போறேன். திரும்பி வருவேனான்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது." அவன், "அப்பாவுக்குச் சாப்பாடு?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை அவள் ஆயுசுக்கும் மறக்கவில்லை. முதல் ரயிலுக்குக் கிளம்பியவள், போகிற வழியில் கடைசிச் சாப்பாட்டையும் வைத்துவிட்டுப் போவோம் என்று விடியற்காலையில் கரை மேட்டுக்கு வந்தாள். அங்கிருந்து பார்த்தபோது, ஜின்பாச்சி அண்டா முன்னால் முட்டி போட்டு நின்றிருந்தார். நுரையை எடுத்து ஓரமாகக் கொட்டினார். ஒரு கொள்ளியை வெளியே இழுத்தார். பிறகு நீளக் கரண்டியை அடிவரைக்கும் விட்டு, கிழங்கு உடையாமல், பிள்ளையைத் திருப்பிப் படுக்க வைக்கிற பக்குவத்தில் மெதுவாகக் கிண்டினார். கிண்டி முடித்துக் கரண்டி நுனியை நக்கிப் பார்த்து முகம் சுளித்தார். திரும்ப ஒரு தடவை நக்கிப் பார்த்தார்.

"என்ன மாமா பண்றீங்க?"

அவர் துள்ளி விழவில்லை. கையும் நிற்கவில்லை. "கண்ணு தெரியல? கிண்டுறேன்."

"மூணு வருஷமாவா?"

"பின்ன? அடிப்பிடிக்காம இருக்கறதும் அதிசயம்னு நெனச்சுட்டியாக்கும். ஊர்ல அத்தன பேரும் முட்டாப் பயலுவ. நெருப்பு அணையாததுதான் அதிசயம். அடிப்பிடிக்காதது என் தோள்பட்ட வலி."

"பிடிக்காத கொழம்புதானே, கருகட்டும்னு விட வேண்டியதுதானே?"

ஜின்பாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "தப்பான கொழம்புன்னா கருக விட்டுருவாங்களா? என்ன வளப்பு வளத்தாங்களோ உன்ன!"

கினுயோ பெட்டியைக் கீழே வைத்தாள். இகுகோவின் மேசையிலிருந்து இரண்டு கிண்ணத்தை எடுத்து வந்து, அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கி, இரண்டிலும் ஊற்றினாள். ஒன்றை அவர் முன்னால் வைத்தாள்.  "தனியா சாப்பிடக்கூடாது மாமா. எங்க ஊர்லயும் அதான் வழக்கம். மூணு வருஷமா ஒரு ஆளுக்குக் காத்துக்கிட்டிருக்கேன்."

அவர் ஆற்றைப் பார்த்தார். மேப்பிள் மரத்தைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை எடுத்தார். இருவரும் சாப்பிட்டார்கள். எல்லைக்கு வெளியே புல்லில் உறைபனி வெளுத்திருந்தது. கணவாய்ப் பக்கம் முதல் ரயில் கூவிக்கொண்டு போனது. கினுயோவுக்கு அது காதில் விழுந்தது, எழுந்திருக்கத் தோன்றவில்லை. கண்ணீர் குழம்பில் விழாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் கிழங்கை மென்றாள்.

ஜின்பாச்சி கிண்ணத்தைக் காலியாக்கிவிட்டு வாயைத் துடைத்தார். "மிசோவக் கொதிக்கிறப்பவே போட்டுட்டே. வாசன பூரா ஆவியாப் போச்சு. எறக்கப் போறப்பதான் போடணும். யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"எங்கம்மா."

"உங்கம்மா சரியாத்தான் சொல்லியிருப்பாங்க, நீதான் காதுல வாங்கியிருக்க மாட்டே. வரச் சொல்லு. நேர்ல கேட்டுக்கறேன்."

"எடம் பத்தாதே மாமா?" என்றாள் கினுயோ.

அவர் தன் பாயைப் பார்த்தார். "கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கலாம்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியான ரயிலில் ஹருயே வந்து இறங்கினாள். ஷிகேரு ஸ்டேஷனிலிருந்து மாமியாரைச் சைக்கிள் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். அவன் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் செய்த முதல் காரியம் அது என்று இகுகோ சொல்வாள். தெரு முழுக்கக் கூடி நின்றது, பழைய சண்டை தொடங்கும் என்று. ஜின்பாச்சி தன் பாயில் பாதியை விட்டுக்கொடுத்துத் தள்ளி உட்கார்ந்தார். ஹருயே கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறந்து, "மாட்டுக்கறியில மிசோவ விட்டது யாரு?" என்று கேட்டாள்.

"உங்க பொண்ணுதான் சம்பந்தி."

"அய்யோ, இது எங்க ஊருலயும் கெடையாதே!"

"எங்க ஊருலயும் கெடையாது. நானும் மூணு வருஷமா அதத்தான் சொல்றேன்."

"சின்னதுலேர்ந்தே இவ இப்படித்தான் சம்பந்தி, சொன்ன பேச்சு கேக்கமாட்டா."

"இங்கயும் அப்படித்தான். ஒரு கரண்டி ஊத்தட்டுமா?"

"ஊத்துங்க. கிழங்கு ரெண்டு சேத்துப் போடுங்க."

இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் தொடர்ந்து, பொழுது சாயும்வரை கினுயோவைத் திட்டித் தீர்த்தார்கள். அவள் எதிரில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு நல்ல நாள் தனக்கு வாய்த்ததில்லை என்று பிற்பாடு சொன்னாள். இரண்டு பெரியவர்களும் பழி சொல்லிக்கொண்டே சாப்பிட்டதைப் பார்த்த பிறகு தெருவும் கிண்ணத்தோடு வரிசையில் நின்றது. இது தப்பு, இது தப்பு என்று சொல்லியபடியே ஆளுக்கு இரண்டு கிண்ணம் குடித்தார்கள்.

அன்று சாயந்திரம் அண்டா இறங்குமா என்று தூக்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்று வரைக்கும் தோன்றவில்லை. ஜின்பாச்சி மட்டும், கல்லுக்கு ஆற்றிடம் தானே பதில் சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, படுக்க வீட்டுக்கு வரத் தொடங்கினார். கிண்டுவதற்குத் தெருவில் முறை வைத்துக்கொண்டார்கள். ஹருயே அந்தக் குளிர்காலம் முழுவதும் கால் நீட்டி உட்கார அங்கே வந்து போனாள். டிசம்பரில் பனி நன்றாக விழுந்தது, முள்ளங்கி மலிந்தது, ஆற்றங்கரையில் வழக்கம்போல இலையுதிர்காலம்.