ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து

திருச்செங்கோட்டில் தேவிப்ரியாவின் கம்ப்யூட்டர் கடைக்குக் குழந்தைவேல் மூன்றாம் முறையாக வந்திருந்தார். போர்வெல் போடும் அவருடைய ரிக் வண்டி சாயங்காலம் ஒடிசாவுக்குக் கிளம்புகிறது. அதற்குள் அவருக்காக அவள் செய்த வெப்சைட்டுக்குச் சரி என்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும். அவர் தலையாட்டினால் ஊரிலுள்ள ரிக்காரர் அத்தனை பேரும் இவளைத் தேடி வருவார்கள். இல்லாவிட்டால் பழையபடி ஜாதக ஜெராக்ஸ்தான்.

கடையில் ஓடுவது லினக்ஸ். அதில் பயர்பாக்ஸ், குரோமியம் என்று இரண்டு பிரவுசரில் வெப்சைட்டைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டினாளே, அதுதான் மடத்தனம். ஒன்றை மட்டும் காட்டித் தொலைத்திருக்கலாம்.

“ஏனம்மிணி, ஒரே பேரு. இங்க கொழுகொழுன்னு இருக்குது, அங்க நோஞ்சானாட்ட இருக்குது?”

“எழுத்து ஒண்ணுதானுங்கண்ணா. ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு மாதிரி காட்டுமுங்க.”

“அப்ப அதுல பாக்கறவன் என்னைய நோஞ்சான்னு நெனைக்க மாட்டானா?”

கதவில் பக்கவாட்டாக நுழைகிற மனிதரை யார் அப்படி நினைப்பார்கள்? தேவிப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டு வேறு ஃபாண்ட் போட்டுப் பார்த்தாள், அமைப்புகளை நோண்டினாள். நோஞ்சான் கொஞ்சம் தேறியது. கொழுத்தது இன்னும் கொழுத்தது.

“கிட்ட நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது. மானிட்டரத் தூக்கி வாசல்ல வெய்யி சாமி,” என்று எழுந்தார் குழந்தைவேல். வண்டியில் பேர் எழுதினால் ரிக்காரர்கள் ரோட்டைத் தாண்டி நின்று பார்த்துத்தான் பெயிண்டருக்குச் சரி சொல்வார்கள். அந்தப் பழக்கம் இங்கேயும் வந்து சேர்ந்தது.

வைத்தாள். வேறென்ன செய்ய? அவர் லாரிகளுக்கெல்லாம் கை காட்டி ரோட்டைக் கடந்து, பேக்கரி முன்னால் நின்று கண்ணைச் சுருக்கினார். திரையில் நேர் வெயில். கிட்டே நின்ற அவளுக்கே ஒன்றும் தெரியவில்லை. அவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

“மேல இருக்குதல்லோ, அதுதான் அருமை. அதையே வெச்சுரு.”

மேலேயா? அண்ணாந்து பார்த்தாள். அவளுடைய கடை போர்டு. பெயிண்டர் சென்றாயன் சிவப்பில் எழுதி, மஞ்சளில் நிழல் கொடுத்தது.

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனால் யோசித்தால் அதுவும் நல்லதுதான். அவர் பேரைப் பெயிண்டரை விட்டே எழுதி, போட்டோ எடுத்து வெப்சைட்டில் போட்டால் எந்தப் பிரவுசரிலும் எழுத்து மாறாது. சென்றாயனுக்குப் போன் போட்டாள்.

“வெப்சைட்டுக்குப் பேர் எழுதோணுமுங்கண்ணா.”

“எழுதீரலாமுங்க. எத்தனை அடி?”

வண்டி கிளம்புமுன் படம் ஏறிவிட்டது. இரண்டு பிரவுசரிலும் ஒரே சிவப்பு, ஒரே மஞ்சள். குழந்தைவேல் தலையாட்டினார்.

மறுவாரமே ரிக்காரர்கள் கடை வாசலில் வந்து நின்றார்கள். தேவிப்ரியா நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். யாரும் உட்காரவில்லை.

“ஏனுங்க, வெப்சைட்டு எழுதற பெயிண்டரு ஊடு எதுங்க?”