மார்ட்டி லாலரின் பாட்டு

நூலா டூஹியின் முதல் இசைத்தட்டு அயர்லாந்தின் எனிஸ் நகரத்துக் கடைக்கு வந்த வெள்ளிக்கிழமை, பதினாறு மைல் தள்ளி கில்ப்ராக் ஊரில் மார்ட்டி லாலரின் வாயிலிருந்து பாட்டு போய்விட்டது. பேச்சு போகவில்லை. மாட்டு விலையும் மந்திரிகள் மீதான வசவும் முன்போலவே வந்தன. பாட வாயைத் திறந்தால் மட்டும் கெட்டில் மூக்கிலிருந்து வருவதுபோல ஆவி வந்தது.

கில்ப்ராக்கில் ஆளுக்கொரு பாட்டு உண்டு. உரியவர் உயிரோடிருக்கையில் இன்னொருவர் அதைப் பாடுவது, அவர் மனைவியோடு ஓடிப்போவதைவிடக் கொஞ்சம் மோசம். மார்ட்டிக்கு மனைவி இல்லை. மூழ்கிப்போன மூன்று படகுகளைப் பற்றித் தகப்பன் விட்டுப்போன பாட்டு மட்டுமே இருந்தது. அதே ஊர்ப் பாடகி நூலாவுக்கு நானூறு பாட்டுகள் தெரியும். ஆனால் டப்ளின் ஒலிப்பதிவுக் கூடத்தில், தட்டில் இன்னும் நாலு நிமிடம் மிச்சம் என்றபோது, அவள் நாக்கு மார்ட்டியின் பாட்டைத்தான் எடுத்துக் கொடுத்தது. மார்ட்டியிடம் இசைத்தட்டு போடும் பெட்டி இல்லையே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

அந்தப் பாட்டுதான் அவளைத் தூக்கி நிறுத்தியது. லண்டனில் அழுதார்கள், பாஸ்டனில் எழுந்து நின்று அழுதார்கள், ஜப்பானில் அர்த்தம் தெரியாமலே அழுதார்கள். ஊராட்சி சாலையோரத்தில் அவள் பெயரைப் பலகையில் எழுதி வைத்தது. ஊரார் யாரும் அவளைத் திட்டவில்லை. அவள் வரும்போதெல்லாம் வானிலையைப் பற்றி மட்டுமே பேசினார்கள். ஒன்பது வருடம் அப்படியே போயிற்று. அவள் தகப்பனைப் புதைத்த அன்றுகூட, "காத்து மேக்கால திரும்பிடுச்சு" என்று சொல்லிக் கை குலுக்கினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்ததும் அவள் ஹோகன் மதுக்கடைக்குள் நுழைந்து, யாரும் கேட்காமலே தன் சொந்தப் பாட்டொன்றைப் பாடினாள். பாடி முடித்தவர் அடுத்தவரை அழைக்கலாம்; அழைத்தால் மறுக்கக் கூடாது. அவள் மார்ட்டியை அழைத்தாள்.

"என்கிட்ட என்ன இருக்குன்னு கூப்பிடுற, பொண்ணே?"

"உங்க பாட்டுதான், மார்ட்டி மாமா."

"அதை நீ ஜப்பான்காரனுக்குல்ல குடுத்துட்ட?"

கடைக்காரி பெக் ஹோகன் குவளையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "கூப்பிட்டா எந்திரிய்யா. முறைன்னு ஒண்ணு இருக்கு."

மார்ட்டி எழுந்தார். கண்ணை மூடி நூலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வந்தது அவளுடைய குரல். மூன்றாம் அடியில் மூச்சு தட்டுவதும், பின்னால் டப்ளின் வயலினும்கூடத் தட்டில் இருந்தபடியே வந்தன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்ததும், "பரவால்ல மார்ட்டி, குரல் துருப்பிடிக்கல" என்றார் ஒருவர்.

வியாழக்கிழமை பாஸ்டனில் நூலா பாட வாயைத் திறந்தாள். சுருட்டுப் புகையும் எழுபது வருட மழையும் ஊறிய மார்ட்டியின் குரல் வந்தது. துயரத்தில் கனிந்த குரல் என்று பத்திரிகைகள் எழுதின. இரண்டு விருதுகள் கிடைத்தன. அந்தக் குரலில் அவள் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பாட்டுகளைப் பாடினாள், ஒன்றைப் பாடவில்லை.

ஊருக்கு வந்தபோது, வானிலையை விட்டுவிட்டு, அவளுடைய அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று பெக் விசாரித்தாள். நூலா பதில் சொல்வதற்குள் கண் கலங்கிவிட்டது. மூலையில் மார்ட்டி பாடிக்கொண்டிருந்தார். சுற்றுலா வந்த அமெரிக்கப் பெண்ணொருத்தி, அந்தக் கிழவருக்கு நூலா டூஹியின் குரல் எப்படி வந்தது என்று கேட்டாள்.

"பாட்டு அவரோடதும்மா," என்றாள் நூலா. "கொஞ்சம் பேசாம கேளுங்க."