அக்கா பின்சீட்டில் உட்கார்ந்ததற்கான காரணம்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. கம்பெனி கேட்டது ஒரு கட்டுரை. 'நம் வண்டியின் ஆறு தலைமுறைகள்' என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். ஆறாம் தலைமுறை கடைக்கு வர இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. ஆனாலும் விளம்பரப் பிரிவுக்கு இப்போதே கால் தரையில் படவில்லை. இந்த வடிவமைப்புக் கூடத்தில் இருபத்தைந்து வருஷமாகக் குறிப்பெடுக்கிறவன் நான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

போன வாரம் இரண்டு தொடக்கங்கள் எழுதினேன். இன்று மதியம் மூன்றாவது. கிழித்துப் போடாமல் மூன்றையும் இங்கே வைக்கிறேன். நான் பட்ட கஷ்டத்தை நீங்களும் கொஞ்சம் படுங்கள்.

தொடக்கம் ஒன்று: குடும்பம் என்பது ஒரு பயணம். அந்தப் பயணத்தின் ஒவ்வொரு திருப்பத்திலும் நம் வண்டி... (யாரோ கொட்டாவி விடும் சத்தம். நான்தான்.)

தொடக்கம் இரண்டு: ஜீப்பின் கம்பீரமும் காரின் மென்மையும் கைகோத்த அந்தப் பொன்னான... (பொன் எங்கிருந்து வந்தது? வண்டி சாம்பல் நிறம்.)

தொடக்கம் மூன்று: அன்று அக்கா பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

மூன்றாவதை எழுதியதும் கட்டுரை நின்றுபோனது. நீங்கள் இப்போது படிப்பது அதற்குப் பிறகு வந்தது.

2

வண்டியைத் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். தெரிந்தவர்கள் மூன்றாம் பகுதிக்குத் தாவிவிடலாம். விளம்பரப் பிரிவு கோபித்துக்கொள்ளும், நான் மாட்டேன்.

இது ஜீப்பும் இல்லை, காரும் இல்லை. பார்த்தால் மலையேறப் போகிற மாதிரி இருக்கும். போவதோ பள்ளிக்கூட வாசலுக்கு. முதல் தலைமுறை பெட்டி மாதிரி இருந்தது. பின்கதவில் ஸ்டெப்னி தொங்கும். அதைக் கழற்றத் தெரிந்த குடும்பத் தலைவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. இரண்டாவதில் மூலைகளைத் தேய்த்து உருட்டினார்கள். மூன்றாவதில் வண்டிக்கு உடம்பு வைத்தது. பின்னால் மூன்றாவது வரிசை சீட் ஒன்று முளைத்தது. முழங்கால் இல்லாதவர்கள் அதில் வசதியாக உட்காரலாம். நான்காவதில் முகத்துக்குக் கோபம் வந்தது. விளக்குகள் முறைத்தன, கிரில் வாயைப் பிளந்தது. யார் மேல் இவ்வளவு கோபம் என்று கூட்டத்தில் கேட்டேன். "மார்க்கெட் கேக்குது" என்றார்கள். ஐந்தாவதில் பொத்தான்களையெல்லாம் பிடுங்கிவிட்டு ஒரு டிவியை வைத்தார்கள். ஏசியைக் குறைக்க வேண்டுமென்றால் அதில் மூன்று பக்கம் புரட்ட வேண்டும். ஆறாவது மின்சாரத்தில் ஓடப்போகிறது. எஞ்சினே கிடையாது. அப்படியும் பானெட் முன்பைவிட உயரம். உள்ளே என்னதான் இருக்கிறது என்று கேட்காதீர்கள். கௌரவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.*

* ஆறு தலைமுறையிலும் மாறாதது வண்டியின் பெயர் ஒன்றுதான். அதை இங்கே எழுதக் கூடாது என்று சட்டப் பிரிவு சொல்லியிருக்கிறது. எழுதினாலும் உங்கள் வாயில் நுழையாது. எங்களுக்கே இன்னும் நுழையவில்லை.

3

புதுத் தலைமுறையின் அளவுகளை முடிவு செய்வதற்கு முன்னால் 'உட்காரும் நாள்' என்று ஒன்று நடக்கும். மரத்திலும் களிமண்ணிலும் முழு அளவு வண்டி ஒன்று செய்து கூடத்தின் நடுவில் நிறுத்துவோம். சக்கரம் சுற்றாது. கதவு திறக்கும், சீட் இருக்கும், ஸ்டியரிங் இருக்கும். ஒரு குடும்பத்தை வரவழைத்து, உங்கள் வண்டி மாதிரி நினைத்து ஏறி உட்காருங்கள் என்போம். யார் எங்கே உட்கார்ந்தார், யார் தலை எங்கே இடித்தது, யார் முழங்கை யார் விலாவில் பட்டது, எல்லாவற்றையும் ஒருவன் படிவத்தில் நிரப்புவான். அந்த ஒருவன் நான். மாலை ஐந்து மணிக்குப் படிவம் கையெழுத்தாகும். அதற்குப் பிறகு பிரம்மாவே வந்தாலும் அளவு மாறாது.

இரண்டாம் தலைமுறையின் உட்காரும் நாளில், வர வேண்டிய குடும்பம் வரவில்லை. வடிவமைப்பாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. (அவரை நாங்கள் 'அரை அங்குலம்' என்போம். எதைக் காட்டினாலும் "அரை அங்குலம் குறைங்க" என்பார். இன்று அவர்தான் இங்கே தலைவர். பட்டப்பெயர் மட்டும் பதவி உயர்வு பெறவில்லை.) நான் அக்காவுக்குப் போன் செய்தேன். அரை மணி நேரத்தில் அக்கா, அத்தான், ஆறு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பையன்கள் என்று வந்து இறங்கினார்கள்.

அத்தான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். தன் தோல்பையைப் பக்கத்து சீட்டில் வைத்தார். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் பின்கதவைத் திறந்து அத்தானுக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

படிவத்தில் 'தாய் அமர்ந்த இடம்' என்று ஒரு கட்டம். நிரப்பினேன். அதற்குப் பக்கத்தில் 'காரணம்' என்று இன்னொரு கட்டம். அக்கா பத்தடி தூரத்தில்தான் இருந்தாள். எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 'பிள்ளைகள் அருகில் இருக்க விரும்பினார்' என்று எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது. எனக்கு அப்போதே எழுத்தாளனாகும் ஆசை உண்டு.

4

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே!

பின்சீட்டில் கால் வைக்கப் பலகை வந்தது. படிக்க ஒரு விளக்கு. தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு குழி. 'அம்மாவின் இடம்' என்று விளம்பரம். விளம்பர அட்டையில் அக்காவின் தோளும் பையன்களின் தலைகளும். வண்டி பிய்த்துக்கொண்டு போனது. மற்ற கம்பெனிக்காரர்களும் பார்த்து எழுதினார்கள். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று ஒவ்வொரு உட்காரும் நாளுக்கும் அக்காவையே கூப்பிட்டார்கள். அவளும் ஒவ்வொரு முறையும் பின்கதவைத்தான் திறந்தாள். நான் ஒவ்வொரு முறையும் பழைய காரணத்தையே எழுதினேன். கடைசி இரண்டு முறை பையன்கள் வரவே இல்லை. அப்போதும் அதே வரிதான். எந்தப் பிள்ளைகள் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

பின்சீட் இப்படிச் சொர்க்கமாகிக்கொண்டிருக்க, ஓட்டுநர் சீட் அத்தானின் உயரத்துக்கே இருந்துவிட்டது. அத்தான் ஆறடி. அக்கா அவர் நெஞ்சு வரைக்கும் வருவாள்.

5

இன்று காலை. ஆறாம் தலைமுறையின் உட்காரும் நாள்.

அன்று காலை வானம் மேகமூட்டமாக... (வேண்டாம். கூடத்தில் ஜன்னலே கிடையாது.)

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். போன வருஷம் அத்தானுக்குக் கண்ணின் நடுவில் பார்வை மங்கிவிட்டது. இனி வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பையன்கள் இருவரும் வேறு வேறு ஊர்களில். ஐம்பத்தெட்டு வயதில் அக்கா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். அந்த ஸ்கூலின் சின்னக் காரில் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கினாள். வீட்டில் நிற்கிற ஐந்தாம் தலைமுறையில் ஏறினால் ரோடு தெரிவதில்லை. இரண்டு தலையணை போட்டால் ரோடு தெரிகிறது, பிரேக் எட்டுவதில்லை. வண்டி வாசலில் உறை போட்டுக்கொண்டு நிற்கிறது. அத்தானைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக ஒவ்வொரு முறையும் யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கிறது.

அரை அங்குலம் வழக்கம்போல் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா அவரைத் தாண்டிப் போய் ஓட்டுநர் சீட்டில் ஏறினாள். ஏறினாள் என்பது மரியாதைக்கு. தொற்றிக்கொண்டு போனாள். அத்தான் தட்டுத் தடவிப் பக்கத்து சீட்டுக்குப் போய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டார். மாதிரி வண்டிக்கு முன்னால், ஆறு வயதுப் பிள்ளை உயரத்தில் ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்று எப்போதும் வைப்போம்.

"அந்தக் கூம்பு எங்கே?" என்றாள் அக்கா.

"உங்களுக்கு நேரா முன்னாடிதான் இருக்கு மேடம்" என்றார் அரை அங்குலம்.

"எனக்குத் தெரியலையே. பானெட்தான் தெரியுது."

"நான் பாத்துச் சொல்றேன்" என்றார் அத்தான். யாரும் சிரிக்கவில்லை.

"மேடம், நீங்க பின்சீட்ல உக்காந்தீங்கன்னா..."

"பின்சீட்ல உக்காந்தா கூம்பு தெரியுமா?"

"இல்ல, பார்க்க வேண்டிய அவசியம் இருக்காது."

அக்கா சீட்டை முழுக்க உயர்த்தினாள். முழுக்க முன்னால் தள்ளினாள். கழுத்தை நீட்டினாள். "பானெட்டை அஞ்சு அங்குலம் இறக்குங்க. பெடலை மூணு அங்குலம் கிட்ட கொண்டு வாங்க" என்றாள்.

"அரை அங்குலம்னா பார்க்கலாம். நீங்க கேக்கறது அஞ்சு அங்குலம். இதுக்காக மொத்த மூஞ்சியையும் மாத்தணும். எங்க பதிவுப்படி அம்மாக்களுக்குப் பின்சீட்தான் பிடிக்குது. இருபத்தஞ்சு வருஷமா காரணத்தோட எழுதி வச்சிருக்கோம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன்.

6

தேநீர் அறைக்கு வந்தோம். அத்தான் மூலை நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார். நான் அக்காவிடம் மெதுவாக, "உனக்கு ஓட்டணும்னா ஒரு சின்னக் கார் வாங்கிக்கலாமேக்கா" என்றேன். (நீங்களும் அதைத்தானே கேட்க இருந்தீர்கள்?)

"ஏன்டா? பெரிய வண்டின்னா எனக்குப் பின்னாடி. ஓட்டணும்னா சின்ன வண்டியா? அம்மாவின் இடம்னு என் தோளைப் போட்டுத்தானே இத்தனை வண்டி வித்தீங்க?"

"உனக்குப் பின்சீட்தானே பிடிக்கும்?"

"யார் சொன்னா?"

பழைய படிவத்தை எடுத்துக் காட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள்.

"பிள்ளைகள் அருகிலா? அன்னைக்கு வர்ற வழியில சின்னவன் என் மடியில வாந்தி எடுத்தான்டா. பக்கத்துல யாராவது விரும்பி உக்காருவாங்களா? இதை யாரைக் கேட்டு எழுதின?"

"அப்ப ஏன் பின்னாடி உக்காந்தே?"

"அந்த வாரம்தான் எனக்கு வண்டி பழகற லைசென்ஸ் வந்துச்சு. நீ போன் பண்ணினப்போ, நானே ஓட்டிட்டு வரேன்னேன். இவர் சிரிச்சார். 'நீ ஓட்டினா நாங்க மூணு பேரும் நடந்தே வந்துடறோம்'னார். பசங்களும் சேர்ந்து சிரிச்சாங்க. இவர் மூஞ்சியைப் பார்க்கக் கூடாதுன்னு முதுகுக்குப் பின்னாடி போய் உக்காந்தேன். அவ்வளவுதான்."

(இது கதைக்கென்றே தைத்த மாதிரி இருக்கிறது, தெரியும். நானாகக் கற்பனை செய்திருந்தால் இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க மாட்டேன்.)

"சரி, அடுத்தடுத்த தடவை?"

"கோபம் ஒரு வாரத்துல போயிடுச்சு. ஆனா அடுத்த தடவை வந்தா, கால் வைக்கப் பலகை, விளக்கு எல்லாம் பண்ணி வச்சுட்டு, 'உங்களுக்காகத்தான் மேடம்'னு அந்த மனுஷன் கதவைத் திறந்துட்டு நிக்கறார். மூஞ்சியில அடிச்ச மாதிரி வேண்டாம்னா சொல்ல முடியும்? அப்புறம் வீட்லயும் அதுவே பழகிடுச்சு. லைசென்ஸ் காலாவதியாகி ஹேண்ட்பேக்லயே கிடந்துச்சு."

மூலையில் அத்தான் கண்ணைத் திறக்காமலே, "நான் அப்படியா சொன்னேன்?" என்றார்.

"சொன்னீங்க."

அவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தான் ஒரு வாக்கியம்தான் சொன்னார். நான் அதற்கு மேல் ஒரு வாக்கியம் எழுதி, அதைத் தொழிற்சாலைக்கு அனுப்பி, லட்சக்கணக்கில் அச்சடிக்க வைத்துவிட்டேன்.

7

மணி மூன்றரை. படிவத்தில் 'காரணம்' கட்டம் காலியாக இருக்கிறது. உண்மையை எழுதினால், முந்தைய நான்கு படிவங்களும் என் கற்பனை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கிறது. அதுவரை வேலை நிலைக்காமலும் போகலாம். எழுதாவிட்டால் பானெட் அந்த உயரத்திலேயே நிற்கும். எழுத்தாளனுக்குத் தெரிந்த ஒரே தப்பிக்கும் வழி முடிவுகளை அடுக்குவதுதான்.

முடிவு ஒன்று: நான் உண்மையை எழுதுகிறேன். அரை அங்குலம் கண்கலங்கி ஐந்து அங்குலம் இறக்குகிறார். அக்கா காற்றில் தலைமுடி பறக்க... (அக்காவுக்கு முடி பறந்தால் பிடிக்காது.)

முடிவு இரண்டு: பழைய வரியையே எழுதுகிறேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் பின்கதவைத் திறக்கிறாள். வாசகர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். இதற்குப் பரிசுகூடக் கிடைக்கும்.

முடிவு மூன்று: அக்கா மாதிரி வண்டியையே கிளப்பிக்கொண்டு, சுவரை உடைத்து...

இதுவரை எழுதியதை எதிரில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் கொடுத்தேன். வரி விடாமல் படித்தாள்.

"நல்லாத்தான் எழுதற. ஆனா மூணு முடிவுலயும் நான் என்ன பண்றேன்னு நீயே சொல்ற. அன்னைக்கும் இதைத்தானேடா பண்ணின? இப்ப ஒண்ணு எழுதி வச்சேன்னா அடுத்த இருபத்தஞ்சு வருஷம் நான் அதுல உக்காரணும்."

படிவத்தைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினேன். பேனாவையும் கொடுத்தேன். அந்தப் பேனாவைக் கொடுப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

8

அக்கா எழுதிக்கொண்டிருக்கிறாள். கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்துக்குப் போய், தாளைத் திருப்பிப் பின்பக்கமும் போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு முறை, "பெடலுக்கு எத்தனை அங்குலம்னு சொன்னேன்?" என்று தானாகவே கேட்டுக்கொண்டாள். மேஜையைச் சுற்றிப் போய் எட்டிப் பார்த்தேன். பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி இடது கையால் மறைத்துக்கொண்டாள்.

"தள்ளிப் போடா."

தள்ளி வந்து இதை எழுதுகிறேன். மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். அரை அங்குலம் வாசலில் வந்து நிற்கிறார்.

"முடிஞ்சுதா? அம்மா எங்க உக்காந்ததா எழுதியிருக்கீங்க? என்ன காரணம்னு போட்டிருக்கீங்க?"

வாசகரே, உங்களுக்கும் இதே கேள்விதான் இருக்கும். உங்கள் இரண்டு பேருக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது.

"என்னைக் கேட்காதீங்க சார். அவங்க எதிர்லதான் உக்காந்திருக்காங்க. அவங்களைக் கேளுங்க."