கொறச்சு விட்டு வெட்டு

திருவனந்தபுரத்தில் டிசம்பர் மாத மத்தியானத்தில் கம்பளித் துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் என்ன ஆகும்? வேர்க்கும். சாவித்ரிக்கு வேர்த்துக் கொட்டியது. ஃபேனைப் போட்டால் செய்தித்தாளில் வெட்டி வைத்த பேட்டர்ன் பறந்தது. நிறுத்தினால் கழுத்தில் வழிந்தது. எழுந்து போட்டாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து நிறுத்தினாள். காலையிலிருந்து இதே வேலைதான்.

முப்பத்தாறு வயதில் அவளுக்கு சிம்லாவுக்கு மாற்றல். தானாக வந்த மாற்றலாக இருந்தால் வீட்டில் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, யாரையாவது பிடித்து ரத்து செய்யப் பார்த்திருப்பார்கள். இது அவளே எழுதிக் கேட்டு வாங்கியது. கரமனை அக்ரஹாரத்து அந்த வீட்டில் ஒருவருக்கும் அது ஜீரணமாகவில்லை. ஒருவருக்கும் என்றால் இரண்டே பேர்தான், அண்ணா கல்யாணராமனும் மன்னி சீதாலக்ஷ்மியும்.

அண்ணா சண்டை போட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் சிரித்தார்.

"பொன்முடி மலைக்கு ஆபீஸ் டூர் போயிட்டு வந்து ஜுரத்துல படுத்தவளாக்கும் இவள். இப்போ சிம்லாவாம்!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். "போகட்டும், போகட்டும். போனாத்தானே?"

ஸ்வெட்டர் ஒன்றை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போயிருக்கலாம்தான். வாங்கியும் இருந்தாள். ஆனால் அது போதவில்லை. தன் கையால் ஒரு குளிர் உடுப்பைத் தைத்து, மேல் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு அண்ணாவின் முன்னால் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அண்ணாவின் சிரிப்பை நிறுத்துவது ஒரு பக்கம். அவர் சொல்வது சரியாக இருக்குமோ என்று அவள் மனசுக்குள்ளேயே ஒன்று ஓயாமல் பிடுங்கிக்கொண்டிருந்தது, அதையும் நிறுத்தியாக வேண்டும். உடுப்பு சரியாக வந்துவிட்டால் போய்விடலாம். இப்படி ஒரு கணக்கை அவளே போட்டுக்கொண்டு அவளே மாட்டிக்கொண்டாள்.

பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடையின் மேல்தட்டில் தூசியோடு கிடந்தது அந்தக் கரும்பச்சைக் கம்பளி. இருந்ததே அந்த ஒரு துண்டுதான். பேட்டர்ன், ஆபீஸ் தோழி கொடுத்த வெளிநாட்டுத் தையல் பத்திரிகையிலிருந்து. கோட்டு மாதிரி முன்னால் பொத்தான் வைத்த நீள உடுப்பு, சல்வாருக்கு மேலே போட்டுக்கொள்ளலாம். படத்தில் இருந்தவள் கொக்கு மாதிரி இருந்தாள். சாவித்ரி குள்ளம், மார்பு அகலம், போதாததற்கு இடது தோள் வலது தோளைவிடச் சற்று இறங்கியிருக்கும். ஆகவே அவளும் மன்னியுமாகப் பேட்டர்னில் இடுப்பை மேலே ஏற்றி மடித்தார்கள். மார்பில் பேப்பரை வெட்டி விரித்து, இடையில் துண்டு ஒட்டினார்கள். இடது தோளுக்குத் தனியாக ஒரு பேப்பர் வெட்டினார்கள். தன் முதுகைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதே, எல்லாவற்றுக்கும் மன்னி வேண்டியிருந்தது. வாய் நிறைய குண்டூசியைக் கவ்விக்கொண்டு மன்னி சுற்றிச் சுற்றி வந்தாள். பழைய படுக்கை விரிப்பில் வெட்டிப் பார்த்தபோது அளவு கச்சிதமாக உட்கார்ந்தது.

ஆனால் கம்பளி தடிமன். உள்ளே ஸ்வெட்டர் வேறு. அதனால் இரண்டு பக்கவாட்டிலும் கூட இரண்டு விரல் துணி வேண்டும். சாவித்ரி சாக்பீஸால் கோடு போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். கத்திரி வைக்க மட்டும் கை வரவில்லை. சனிக்கிழமை காலையில் ஆபீஸுக்குப் போய் விடுவிப்பு ஆர்டரை வாங்க வேண்டியிருந்தது, திங்கட்கிழமை டெல்லி வண்டி. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"மன்னி, நீயே வெட்டிடு. நேக்குக் கை வரலை. சைடுல மட்டும் கொறச்சு விட்டு வெட்டு, கேட்டியா?"

மன்னி தலையாட்டினாள்.

திரும்பி வந்தவள் சாப்பிடக்கூட உட்காராமல் மெஷினில் உட்கார்ந்தாள். துணியில் சாக்பீஸ் கோடு தெரியவில்லை. மன்னி தட்டிவிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். ஓரத்திலிருந்து ஒரு விரல் உள்ளே தள்ளி, ஒரே ஓட்டமாக ஓட்டினாள்.

போட்டுப் பார்த்தபோது பொத்தான் ஒரு பக்கம், காஜா ஒரு பக்கம். நடுவில் ஒரு சாண் இடைவெளி. மூச்சை இழுத்துப் பிடித்தாள். வயிற்றை எக்கினாள். ம்ஹூம்.

எட்டிப் பார்த்த அண்ணா, "பார்த்தியா? துணிக்கே தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

அந்த நிமிஷம் சாவித்ரிக்கு வந்தது கோபம் இல்லை. நிம்மதி. அப்பாடா, இனி போக வேண்டாம், உடுப்பே இல்லையே! நன்றாகக் காற்று வந்தது போல இருந்தது. அடுத்த நிமிஷம் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. இவ்வளவுதானா நான்? அந்த அருவருப்பில்தான் உடுப்பைக் கழற்றித் திருப்பி, பேட்டர்னை மேலே வைத்துப் பார்த்தாள். துணி கோட்டுக்கு வெளியே விடப்படவில்லை. கோட்டுக்கு உள்ளே வெட்டப்பட்டிருந்தது.

"மன்னி, என்ன பண்ணி வெச்சிருக்கே?"

"நீதானே சொன்னே, கொறச்சு விட்டு வெட்டுன்னு. கொறச்சேன்."

திருவனந்தபுரத்துத் தமிழில் கொறச்சு என்றால் கொஞ்சம். மலையாளத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சொல். தஞ்சாவூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த சீதாலக்ஷ்மிக்கு அது குறைத்து. வந்த புதிதில் மாமியார், "சாதம் கொறச்சு போடு" என்று கேட்க, இலையில் இருந்ததிலும் ஒரு கை எடுத்தவள் அவள். வீடே சிரித்தது. ஆனால் அது எந்தக் காலத்துக் கதை! இப்போது சாலைக் கடைத்தெருவில் நின்று, "கொறச்சு கூடி தா சேட்டா" என்று கறிவேப்பிலை கூடுதலாக வாங்கி வருகிறவளுக்குக் கொறச்சு தெரியாதாம்!

"வெறுதே பொய் சொல்லாதே மன்னி. நோக்குத் தெரியும்."

மன்னி தரையில் கிடந்த நூலையெல்லாம் பொறுக்கினாள். பிறகு சொன்னாள்.

"தெரியும். அந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்கே. நேக்கு வேண்டியதை எடுத்துண்டேன்."

"ஏன்?"

"நீ போயிட்டா இந்த ஆத்துல நான் யாரோட பேசுவேன்? உங்க அண்ணா பேப்பரோட பேசுவார். சாயங்காலம் நீ வந்ததும் சொல்றதுக்குன்னு காலம்பரலேந்து ஒவ்வொண்ணா சேர்த்து வெச்சுண்டிருப்பேன். அது தெரியுமா நோக்கு?"

தெரியாது. இத்தனை நாளும் அண்ணாவோடேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சாவித்ரிக்கு அது தோன்றவே இல்லை. அந்த வெட்கத்தில் கத்தினாள்.

"அதுக்குத் துணியை வெட்டுவியா? வாயைத் திறந்து போகாதேன்னு சொல்லப்படாதா?"

"சொன்னா நீ இருந்துடுவே, சாவித்ரி. துணி சின்னதாப் போய் நீ நின்னா அது உன் தலையெழுத்து. நான் சொல்லி நின்னா அது என் பாவம்."

சாவித்ரி முக்காலியில் உட்கார்ந்தாள்.

"பொத்தான் எட்டாதபோது நேக்கு நிம்மதியா இருந்தது மன்னி" என்றாள்.

மன்னி நிமிர்ந்தாள். அவள் முகம் சிவந்துவிட்டது.

"நிம்மதியா? ஏண்டி, நான் ஒருத்தி குத்தம் பண்ணிட்டுக் கையைப் பிசைஞ்சுண்டு நிக்கறேன், நோக்கு நிம்மதியா? எடு கத்திரியை!"

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து தையலைப் பிரித்தார்கள். ஓரத்தை ஒட்டித் தைத்தால் பாதிக் குறை தீரும். மீதிக்குத் துணி? கணுக்காலுக்குக் குளிருமே என்று பேட்டர்னின் நீளத்தை சாவித்ரி குறைக்காமல் விட்டிருந்தாள். மன்னி கீழ்ப் பக்கத்தில் ஒரு பட்டையை முழு அகலத்துக்கு வெட்டி எடுத்தாள். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. பட்டையை வெட்டி ஒன்றன் கீழ் ஒன்றாக இணைத்து, அக்குளிலிருந்து கீழ்வரைக்கும் பக்கத்துக்கு ஒரு நீளத் துண்டாக வைத்துத் தைத்தாள். உடுப்பு முழங்காலோடு நின்றுவிட்டது. ஸ்வெட்டரையும் போட்டு, அதன் மேல் உடுப்பையும் போட்டு, கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாக மன்னியே மாட்டிக்கொண்டு வந்தாள். மார்புப் பொத்தான் இழுக்காமல் உட்கார்ந்தது. மேல் பொத்தானும் உட்கார்ந்தது. சாவித்ரிக்கு வேர்வை ஆறாக ஓடியது.

முன்னறையிலிருந்து அண்ணாவின் குரல் வந்தது.

"என்ன சத்தமே இல்லை? டிக்கெட்டை கேன்சல் பண்ணிடட்டுமா?"

சாவித்ரி வாயைத் திறப்பதற்குள் மன்னி பதில் சொன்னாள். அந்த வீட்டில் அண்ணாவுக்கு அவள் அவ்வளவு உரக்கப் பதில் சொன்னதே இல்லை.

"வேண்டாம். அவ போறா."

போறேன் போறேன் என்று சாவித்ரி இத்தனை நாளும் ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இன்னொருவர் வாயால் கேட்டபோதுதான் அவளுக்கு அது நிஜமாகப் பட்டது. பொத்தானைக் கழற்றப் போன கை பாதியில் நின்றது. மன்னி புடவைத் தலைப்பால் அவள் நெற்றி வேர்வையைத் துடைத்தாள், பிறகு தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.