தீயணைப்பு விளையாட்டு

கீழே அவளுடைய அழகு நிலையம், மேலே வீடு. மின்கசிவில் இரண்டும் ஒரே மதியத்தில் கரியாகின. கணவன் கப்பலில் வேலை. அவன் வந்து சேர மாதங்கள் ஆகும். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தாள்.

மகளுக்கு ஏழு வயது. எல்லோரும் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த வாரமே அக்கா பையன்கள் இரண்டு பேரையும் தன் கைக்குள் போட்டுக்கொண்டாள். வயிறு முட்டச் சாப்பிட்டாள். படுத்தால் அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். பக்கத்தில் கண் கொட்டாமல் கிடந்த அம்மாவுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. 'இதுக்கு மட்டும் எப்படி முடியுது?' பெற்ற பிள்ளையைப் பார்த்தே பொறாமைப்படுகிறோமே என்று கூசினாள். கூசினாலும் பொறாமை குறையவில்லை. வாண்டு சிரிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு மாலை கூடத்தில் ஒரே கூச்சல். மேசையைப் போர்வையால் மூடியிருந்தார்கள். சின்னவன் உள்ளிருந்து, "ஐயோ, நெருப்பு! காப்பாத்துங்க!" என்று கத்தினான். வாண்டு தலையில் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு பாய்ந்தாள்.

அம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நம்ம வீடு எரிஞ்சது உனக்கு விளையாட்டாடீ? கொஞ்சமாவது கவலை இருக்கா?"

வாண்டு வீடே அதிர அழுதாள். பெரியம்மா மடியில் விழுந்து, மூக்கு ஒழுக, விக்கல் வரும்வரை அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடமே வந்தாள்.

"எனக்கும் பயமா இருந்துச்சும்மா. அன்னிக்குப் புகையில உன்னைக் காணோம்ல? அதான் தினமும் விளையாடுறேன். இப்போ கொஞ்சம்தான் பயம்."

அம்மா மகளையே பார்த்தாள். இந்தக் குழந்தை எதையும் மறக்கவில்லை. தான் நினைக்கவே அஞ்சி மூடி வைத்ததை, இவள் நடுக்கூடத்தில் திறந்து போட்டு, ஆள் சேர்த்துக்கொண்டு, தினமும் நெருப்புக்குள் போய் வந்திருக்கிறாள்.

"நீயும் வாம்மா. நீ உள்ள மாட்டிக்கிட்ட ஆளு. நான் இழுத்துடுவேன்."

அக்கா தலையசைத்தாள். "போயேன்டீ."

அம்மா மேசைக்கடியில் குனிந்து நுழைந்தாள். போர்வை விழுந்து இருட்டானது. "நெருப்பு..." என்றாள். குரல் உடைந்தது. குட்டிக் கைகள் அவள் காலைப் பிடித்து இழுத்தன. அரை அடிகூட நகரவில்லை. "அம்மா, என்னா கனம் நீ! டேய், வாங்கடா, பிடிங்கடா!"

வெளியே வந்து விழுந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள், அழுதுகொண்டுமிருந்தாள். தீப்பிடித்த பிறகு மற்றவர்கள் முன்னால் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மறுநாள் எரிந்த கடையைப் பார்க்க அம்மா போனாள், வாண்டையும் கூட்டிக்கொண்டு. அதுவரை அந்தத் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டாள். வாண்டோ கரியை மிதித்து உள்ளே ஓடி, "அம்மா, தலை கழுவுற தொட்டி உடையல!" என்று கத்தினாள்.

மறுபடியும் அதே பொறாமை சுருக்கென்றது. "இருடீ, வரேன்" என்று பின்னாலேயே போனாள்.